சந்திரகலாவின் தண்ணீர்க் காவல்

ஜாலான் பாசாரில் மின்னணுச் சாமான் விற்கும் ஒரு குறுகலான கடையில், சீனக் கடைக்காரரோடு ஓர் அம்மா மலாயில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அலுவலகச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் காய்கறிக் கூடை. கூடைக்குள் முருங்கைக்காயோடு ஒரு சுருள் ஒயரும் கிடந்தது. தண்ணீர் பட்டாலும் கெடாத சென்சார் வேண்டும் என்பது அவர் கட்சி. எல்லாம் ஒன்றுதான், பிளாஸ்டிக் பையைச் சுற்றி மாட்டு என்பது கடைக்காரர் கட்சி. இதை எழுதுகிறவன் அப்போது தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து பிரிக்ஃபீல்ட்ஸில் அறை எடுத்திருந்த புதிது. வீட்டில் முதல் பட்டம் வாங்கியவனாயிற்றே, கணினிச் சாமானோடு யாரைக் கண்டாலும் உறவு கொண்டாடத் தோன்றிவிடும். எதற்கு இந்த சென்சார் என்று கேட்டுவிட்டான்.

“லோங்காங்க வேவு பாக்கத்தான், தம்பி. எங்க வீட்டுப் பின்னால ஓடுற பெரிய சாக்கடை. எப்ப வீட்டுக்குள்ள வரலாம்னு பாத்துக்கிட்டே இருக்கும். அதான் அத நாம பாக்கலாமேன்னு.”

அவர் பெயர் சந்திரகலா. அன்று தொடங்கிய பழக்கத்தில் கிள்ளானுக்குப் போய்வந்து, அவர் சொல்லியும் அக்கம்பக்கத்தார் சொல்லியும் கேட்டது இது.

கிள்ளானில் ஆற்றைவிடத் தாழ்ந்து கிடக்கும் ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பேட்டையில், அவருக்கு வரிசை வீடு. துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் கண்டெய்னர் பத்திரங்கள் தயாரிக்கும் வேலை. ஒரே விவரத்தை மூன்று இடங்களில் தட்டித் தட்டிச் சலித்துப்போய், இதை எக்செல்லே செய்துகொள்ளாதா என்று தேடப் போனார். ஆழம் தெரியாமல் காலை விட்டவர், பிறகு அந்தக் காலை வெளியே எடுக்கவே இல்லை. அலுவலகம் தூக்கிப் போட்ட பழைய கணினி ஒன்று வீட்டு மாடிப்படிக்கு அடியில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில், சர்வராக வந்து உட்கார்ந்தது. குடும்பப் படங்களைப் பத்திரப்படுத்துவது, வாசல் விளக்கை ஏற்றுவது, மோட்டாரை நிறுத்துவது எல்லாம் அதன் பொறுப்பு. அலுவலகத்தில் அவர் கையில் ஓடுவதெல்லாம் ஊரார் சரக்கு. படிக்கு அடியில் இரைந்துகொண்டு ஓடுவது மட்டும் சொந்தச் சரக்கு. தான் எழுதிய நாலு வரி தன் பாட்டுக்கு வேலை செய்வதை, ஞாயிற்றுக்கிழமை காலையில் தேநீரோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதில் அவருக்கு அலாதி சுகம்.

கணவர் ஜீவன் லோரி ஓட்டுபவர். துறைமுகத்திலிருந்து சுங்கை வே தொழிற்சாலைகளுக்குச் சரக்கு கொண்டுபோவார். மனைவியின் பொழுதுபோக்கில் அவருக்கு வருத்தம் எதுவும் இல்லை, வாய்மட்டும் சும்மா இருக்காது.

“ஏம்மா, பாத்ரூம் லைட்டு எரியல. அதுக்கும் அப்டேட் ஓடுதா?”

“கொஞ்சம் பொறுங்க லா, முடியப் போகுது.”

“நான் பொறுப்பேன். வயிறு பொறுக்கணுமே!”

லோங்காங் விஷயத்தில் மட்டும் ஜீவன் கேலி பேசவில்லை. முன்னொரு மழைக்காலத்தில் அது பொங்கி வந்து, வாசலில் நின்ற காடிகளையெல்லாம் (அங்கே காருக்கு அதுதான் பெயர்) நாசமாக்கியதை அவரும் பார்த்திருந்தார். ஜாலான் பாசாரில் வாங்கிய சென்சாரைப் பின்சந்தில் உள்ள சிறு பாலத்துக்கு அடியில், ஓர் இரும்புச் சட்டத்தில் கட்டித் தொங்கவிட்டவரே அவர்தான். அது கீழ்நோக்கி ஒலியை அனுப்பும். பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சர்வருக்குச் சொல்லும். தண்ணீர் மேலே வந்தால், தாமான் வாசிகளின் வாட்ஸ்அப் குழுவுக்கு மலாயிலும் தமிழிலும் செய்தி பறக்கும்: தண்ணீர் ஏறுகிறது, காடிகளை எடுங்கள்.

முதல் தடவை அது சொன்னபடியே நடந்தது. கடல் ஏற்றமும் மழையும் சேர்ந்த ஒரு சாயங்காலம், செய்தி வந்ததும் எல்லோரும் காடிகளைக் கொண்டுபோய் மேம்பாலத்து ஓரத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். பிறகு தண்ணீர் தெருவுக்கு வந்தது, ஏமாந்து திரும்பிப் போனது. மறுநாள் எதிர்வீட்டு வள்ளியம்மா ஒரு தூக்கு நிறைய இடியப்பம் கொடுத்தனுப்பினார். வள்ளியம்மாவுக்கு ஒரு பழைய வேன். பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தை எங்கே கூடுகிறதோ அங்கே அதைக் கொண்டுபோய் நிறுத்தி இடியப்பமும் வடையும் விற்பார். அடுப்பு, ஆவிப் பானை, மாவு எல்லாம் அதற்குள்தான். வேன் நின்றால் அடுப்பும் நின்றது.

அப்புறம் ஒரு நாள், பளீரென்று வெயில் அடிக்கும் பிற்பகலில், எல்லோர் போன்களும் ஒன்றாகக் கத்தின. அபாயம், உடனே வெளியேறவும். தெரு முழுக்கக் காடிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கிளம்பின. மாவு பிசைந்து ஏற்றி பாசாருக்குப் புறப்பட இருந்த வள்ளியம்மாவின் வேனும் அந்த நெரிசலில் சிக்கியது. ஏர்கான் பழுதுபார்க்கும் கிஷன் மட்டும், வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, பின்சந்துக்குப் போய்ப் பாலத்தடியில் எட்டிப் பார்த்தான். பார்த்ததும் சந்திரகலாவுக்குப் போன் போட்டான்.

“கலா அக்கா, வெள்ளம் நாலு காலோட வந்து படுத்திருக்கு. நாக்கு வேற நீட்டுது. என்ன பண்ணட்டும்?”

ஆள் நீளத்துக்கு ஒரு பியாவாக். இரும்புச் சட்டத்தின் மேல் சொகுசாகப் படுத்து, வாலை சென்சாருக்கு முன்னால் தொங்கவிட்டிருந்தது அந்த உடும்பு. சென்சாருக்கு வால் தெரியுமா, வெள்ளம் தெரியுமா? மிக அருகில் ஏதோ வந்துவிட்டது, அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

வள்ளியம்மா பாசாருக்குப் போய்ச் சேர்வதற்குள் அவர் இடத்தில் வேறொருவர் கடை போட்டுவிட்டார். பிசைந்த மாவு வீணானது. திரும்பி வந்து வேனை நிறுத்தியதும், நேராக சந்திரகலா வீட்டு கேட்டைத் தட்டினார்.

“ஏய் கலா, உன் மிஷினுக்கு வாலுக்கும் தண்ணிக்கும் வித்தியாசம் தெரியாதா? பியாவாக்குக்குப் பயந்து வேன எடுத்துக்கிட்டு ஓடுன ஆளுன்னு பாசாரே என்னப் பாத்து சிரிக்குது லா!”

சந்திரகலாவும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தார். குழுவில் யாரோ அதற்கு ‘பியாவாக் சர்வீஸ்’ என்று பெயர் வைத்தபோதும் சிரித்த முகம் ஒன்றை அனுப்பினார். ஆனால் இரண்டு பேர் அந்தக் குழுவின் ஓசையையே அணைத்துவிட்டார்கள் என்று கிஷன் சொன்னபோது சிரிப்பு வரவில்லை. கேட்பார் இல்லாத எச்சரிக்கை இருந்தென்ன, போயென்ன? இன்னொரு முறை பொய் சொன்னால் தெருவே காதைப் பொத்திக்கொள்ளும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் புதிதாகச் சில வரிகள் எழுதினார். தண்ணீர் படிப்படியாக ஏறுவது. வால்தான் ஒரே அடியாக வந்து விழுவது. ஆகவே, கடைசியாக நம்பிய அளவிலிருந்து திடீரென்று தாவும் எண் எதுவானாலும் நம்பாதே, ஒதுக்கித் தள்ளு. இதுதான் சர்வருக்கு அவர் கொடுத்த புத்தி. சோதித்துப் பார்க்க, பாலத்தில் குப்புறப் படுத்து சென்சாருக்கு முன்னால் சட்டி மூடியை நீட்டியவர் ஜீவன்.

“சாம்பார் மூடிய வச்சு வெள்ளத்த ஏமாத்துற குடும்பம் உலகத்துலயே நம்மதாம்மா.”

மூடி வந்தது, சர்வர் வாய் திறக்கவில்லை. மூடி போனது, எண் பழையபடி வந்தது. சந்திரகலாவுக்குத் திருப்தி. குழுவில் மாதக்கணக்கில் பொய்ச் சத்தமே இல்லை. ஓசையை அணைத்தவர்களும் திரும்பத் திறந்துவிட்டார்கள்.

பிறகு ஒரு நாள் மதியம், துறைமுக அலுவலகத்தின் கண்ணாடியில் மழை சரமாரியாக அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து மேசைப் பெண் வீட்டுக்குப் போன் போட்டுப் பதறிக்கொண்டிருந்தாள். சந்திரகலா தன் போனைப் பார்த்தார். அமைதியாக இருந்தது.

“எங்க ஏரியா ஓகே லா. தண்ணி வந்திருந்தா இந்நேரம் கத்தியிருக்கும்,” என்றார் அவளிடம்.

சற்று நேரத்தில் போன் அடித்தது. ஜீவன்.

“கலா, தண்ணி நம்ம வாசல்ல! வள்ளியம்மாக்கா வேனு டயரே தெரியல. என்ன உன் மிஷின் ஒண்ணும் சொல்லல?”

மேலே எங்கோ சாலைக்கு அடியில் லோங்காங்கை அடைத்துக்கொண்டிருந்த குப்பை ஒரே நொடியில் பிய்த்துக்கொண்டு போயிருக்கிறது. தேங்கிய தண்ணீரெல்லாம் சுவர்போல எழுந்து வந்திருக்கிறது. சந்திரகலா சர்வரின் பக்கத்தைத் திறந்தார். சென்சார் ஒரு குறையும் வைக்கவில்லை. தண்ணீர் தாவியதைப் பார்த்திருக்கிறது, சொல்லியிருக்கிறது, சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் அவர் எழுதிய ஒரே சொல்: ஒதுக்கப்பட்டது, ஒதுக்கப்பட்டது, ஒதுக்கப்பட்டது. அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. வால் வந்தால் திரும்பிப் போகும். தண்ணீர் வந்தால் தங்கும். வந்து தங்குகிற ஒன்றை அவர் சோதித்தே பார்க்கவில்லை. கடைசியாக நம்பிய அளவு கீழேயே நின்றுவிட்டதால், மேலே நின்ற உண்மையான தண்ணீர் எவ்வளவு நேரம் நின்றாலும் சர்வருக்கு வாலாகத்தான் தெரிந்தது.

தண்ணீர் வடிந்த மறுநாள் தெருவெல்லாம் சேறு. சந்திரகலா துடைப்பத்தோடு வெளியே வந்தபோது கிஷன் ஆறுதல் சொன்னான்.

“மிஷினும் முங்கிருச்சா அக்கா? பரவால்ல லா. இந்த மழைல எதுதான் தாங்கும்!”

அவர் துடைப்பத்தை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். ஜீவனிடம் எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லியிருந்தார். ஜீவன் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “விடு கலா. நனஞ்சு போச்சுன்னே நெனச்சுக்கட்டும். யாரு உள்ள பூந்து பாக்கப் போறா?”

உண்மைதான், யாரும் பார்க்க முடியாது. அதுதான் அவரை உறுத்தியது. அந்த வரிகள் அந்தத் தெருவில் அவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும். நனைந்துவிட்டது என்று தலையாட்டினால், காய வைத்து மாட்டியதும் தெரு மறுபடி நம்பும். எதை நம்புகிறோம் என்று தெரியாமலே நம்பும்.

வள்ளியம்மா வாசலில் குத்துக்காலிட்டு ஆவிப் பானைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வேனின் கதவுகள் திறந்து கிடந்தன. உள்ளே மாவு மூட்டைகள் சேறோடு சேறாகக் குழைந்திருந்தன.

“வாசல்ல சத்தம் கேட்டுச்சு கலா,” என்றார் வள்ளியம்மா, தலை நிமிராமல். “தண்ணி இரையுறாப்புல இருந்துச்சு. எந்திரிச்சேன். அப்புறம் உன் மிஷின் கத்தலியேன்னு உக்காந்துட்டேன். அதுவும் பாவம், தண்ணில போயிருச்சாமே?”

“போகல அக்கா. அது சரியாத்தான் பாத்துச்சு. நான்தான் அது வாய அடச்சு வச்சிருந்தேன்.”

பானை தேய்க்கும் கை நின்றது. பியாவாக்குக்குப் பிறகு எழுதிய வரிகளைப் பற்றி சந்திரகலா சொல்லி முடித்தார். வள்ளியம்மா கேட்டது ஒன்றே ஒன்று.

“யாரு உன்ன வாய அடைக்கச் சொன்னா?”

“நீங்கல்லாம் சிரிச்சீங்கல்ல…” என்று ஆரம்பித்தவர், நிறுத்தி, தலையை அசைத்தார். “இல்லக்கா. நீங்க சிரிச்சதுக்கு நான் பயந்தேன்.”

வள்ளியம்மா திரும்பி உட்கார்ந்து தேய்க்கத் தொடங்கினார். உங்கள் சாமானைப் பாசாருக்கு என் காடியில் கொண்டுபோகலாம் அக்கா என்று சந்திரகலா சொன்னதற்கு முதுகுதான் பதில் சொன்னது: “வேணாம்.”

அன்றே குழுவிலும் சந்திரகலா நடந்ததை எழுதினார். சிலர் அழுகிற முகம் அனுப்பினார்கள், ஒருவர் கோபத்தில் குழுவைவிட்டே போனார். சந்திரகலா சென்சாரைக் கழற்றிக் கொண்டுவந்து, சர்வரையும் அணைத்தார். அதன் இரைச்சல் நின்ற வீடு வேறு யார் வீடோ போல இருந்தது. ஜீவன் கேலி பேசுவதையும் நிறுத்திவிட்டார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

வேன் மெக்கானிக்கிடம் கிடந்தது. எதிர்வீட்டில் பேச்சு இல்லை. வாரங்கள் போயின. ஒரு சாயங்காலம் இடி உறுமியபோது கேட்டில் சத்தம் கேட்டது.

“ஏய் கலா! லோங்காங்ல எவ்ளோ தண்ணி?”

சந்திரகலா ஓடி வந்தார். “மிஷின கழட்டிட்டேன் அக்கா.”

“கழட்டிட்டியா? அப்ப நான் யாரத் திட்டறது?” வள்ளியம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் சமாதானம் ஒன்றும் தெரியவில்லை. “இங்க பாரு. உன் மேல கோவம் போகல. போறப்ப போகும். ஆனா இந்த மழைல நான் எத்தன வாட்டி பின்னால போயிப் பாக்கறது, முட்டி வலிக்குது. உன் மிஷினோட புத்தி எனக்கு வேணாம் லா. தண்ணியக் காட்டு. பயப்படறதா வேணாமான்னு நான் பாத்துக்கறேன்.”

சந்திரகலா அன்றிரவு ஒரு வரியும் எழுதவில்லை. எழுதியதை அழித்தார். வார இறுதியில் சென்சாரோடு ஒரு சிறு கேமராவும் பாலத்தடிக்குப் போனது. இப்போது எண் தாவினால் சர்வர் யோசிப்பதில்லை. எண்ணையும், அந்த நொடியில் எடுத்த படத்தையும் அப்படியே குழுவுக்கு அனுப்பிவிடுகிறது. பெரும்பாலும் பியாவாக்தான் வருகிறது. “இன்னிக்கு ஐயா கொஞ்சம் இளச்சிருக்காரு,” என்று கிஷன் எழுதுவான். சில சமயம் கறுப்புத் தண்ணீர் வருகிறது. அப்போது யாரும் எதுவும் எழுதுவதில்லை, காடி சாவியைத் தேடுகிறார்கள். ஒரே படத்தைப் பார்த்து ஒருவர் காடியை எடுப்பதும் இன்னொருவர் எடுக்காமல் இருப்பதும் உண்டு. அதில் தலையிட சந்திரகலாவுக்கு இப்போது ஆசை இல்லை.

சந்திரகலா அதே தாமானில்தான் இருக்கிறார், அதே துறைமுக அலுவலகத்துக்குத்தான் போய்வருகிறார். சர்வர் மறுபடி ஓடுகிறது. வள்ளியம்மாவின் வேன் புது எஞ்சினோடு பாசாருக்குப் போகிறது. அவர் சந்திரகலாவிடம் பேசுகிறார், முன்பைவிடக் கொஞ்சம் குறைவாக.