வெள்ளையாக வந்த தாள்

எண்பதுகளில் ஒரு வருஷம், மதுரைக் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்திலிருந்து காற்றை உறிஞ்சும் இயந்திரம் ஒன்றைக் கொடைக்கானலுக்குக் கொண்டுபோனேன். வத்தலக்குண்டில் அதை பஸ் கூரையில் ஏற்ற மாட்டேன் என்ற கண்டக்டரிடம், "இது ஆராய்ச்சி, உமக்கு என்ன தெரியும்" என்று எகிறினேன். அப்போது எனக்கு அவ்வளவு திமிர்.

ஒரு பள்ளிக்கூட வளாகத்தில் இயந்திரத்தை வைத்தேன். ஒரு நாள் முழுக்க ஓடினால் காற்றிலுள்ள தூசியும் புகையும் உள்ளேயிருக்கும் கண்ணாடி இழைத் தாளில் படியும். அதைப் பென்சீனில் ஊறவைத்து, கரைந்து வரும் தாரில் புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்கள் எவ்வளவு என்று பார்ப்பது என் வேலை. மதுரைத் தாள் கன்னங்கரேலென்று வரும். அதற்குப் பக்கத்தில் வைத்துக் காட்ட, மலையிலிருந்து ஒரு வெள்ளைத் தாள் வேண்டும் என்றார் என் ஆய்வுக்கு வழிகாட்டிய பேராசிரியர்.

மலைத் தாளும் பழுப்பாகத்தான் வந்தது. மூன்று தடவையும். காரணம் கண்ணெதிரே இருந்தது. இருபதடி தள்ளி வாட்ச்மேன் வீடு. அவர் மனைவி ஈர யூகலிப்டஸ் விறகில் சமைப்பார். இயந்திரத்தை நகர்த்தியிருக்கலாம். ஒயர் எட்டாது, வேறு இடத்துக்கு அனுமதி கேட்டு அலைய வேண்டும். சோம்பல்பட்டு, நேரே அந்த அம்மாவிடம் போனேன்.

"நாளைச் சாயங்காலம் வரைக்கும் உங்க வீட்டுப் புகை மெஷின் பக்கம் வரக்கூடாதும்மா. ஆராய்ச்சியே கெட்டுப்போயிரும்."

"நான் பாத்துக்கிறேங்க சார்" என்றார், ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி.

மறுநாள் சாயங்காலம் தாள் பளிச்சென்று வந்தது. சந்தோஷம் தாங்காமல், நன்றி சொல்ல அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்ததும் புகை முகத்தில் அடித்தது. ஜன்னலில் சாக்கு, கதவிடுக்கில் பழைய சேலை. உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவர் இடுப்பில் கைக்குழந்தை, மூச்சுவிடாமல் இருமிக்கொண்டிருந்தது.

"ஒரு பொட்டுப் பொகை வெளிய விடலைங்க சார். காலையில வெள்ளனவே எல்லாத்தையும் அடைச்சுட்டேன். தாளு நல்லா வந்துச்சுங்களா?"

"வந்துச்சும்மா" என்றேன்.

அந்தப் புகையில் என்ன இருக்கிறதென்று அங்கே தெரிந்தவன் நான் ஒருவன்தான். சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சாக்கையாவது பிடுங்கி எறிந்திருக்க வேண்டும். தாளை உறையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். என்னை நினைத்தால் எனக்கே கூசுகிறது.

பழுப்புத் தாள்களைக் கெட்டுப்போனவை என்று குப்பையில் போடச் சொன்னார் பேராசிரியர். போட்டேன். வெள்ளைத் தாளில் சோதித்தது போக மிச்சப் பாதியைக் கண்ணாடி போட்டுத் துறை வாசலில் மாட்டினார்கள். அதன் கீழே 'மலைக்காற்று' என்று எழுதியது என் கைதான்.