அதிகாரிக்கு மேலே கேட்ட ஸ்பேடு

"சர்வேயர் ஆறு ஸ்பேடு வைத்துக்கொண்டு இன்றும் ஏலம் கேட்காமல் பாஸ்." இது 1989-ஆம் வருடத்து என் டைரியில் ஒரு சனிக்கிழமைக் குறிப்பு.

திருச்சுழியில் அலுவலகம் முடிந்ததும் பிரிட்ஜ் என்ற ஏலச் சீட்டாட்டம் ஆடுவோம். சர்வேயரும் நானும் ஒரு பக்கம். அதிகாரியும் தலைமை எழுத்தரும் எதிர்ப்பக்கம். எதிராளி ஏலம் தொடங்கிய பிறகு நாம் மேலே கேட்க, ஒரே இனத்தில் ஐந்து நல்ல சீட்டாவது வேண்டும். எங்கள் மேசையில் சர்வேயருக்குக் கூடுதலாக ஒரு விதி: ஏலம் தொடங்கியவர் அதிகாரி என்றால் மேலே கேட்கக் கூடாது. காரியாபட்டிக்கு மாறுதல் கேட்டு சர்வேயர் கொடுத்த மனு அவரிடம் கிடந்தது. மனைவியும் பிள்ளைகளும் அங்கேதான் இருந்தார்கள்.

"ஆட்டத்துல ஒழுக்கம்னா இவருதான்யா" என்பார் அதிகாரி. மனு மட்டும் நகரவில்லை.

ஒரு நாள் அதிகாரி "ஒரு ஆர்ட்டின்" என்றார். ஏஸ், ராஜா, ராணியோடு ஆறு ஸ்பேடு வைத்திருந்த சர்வேயர், "ஒரு ஸ்பேடு" என்றார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "யோசிச்சுத்தான் கேக்குறீரா?"

"சீட்டு கேக்கச் சொல்லுது சார்."

ஜெயித்தோம். வெளியே வந்ததும், "ஏலே, இனி ஒனக்குப் பரளச்சிதான்" என்றேன். காரியாபட்டியிலிருந்து இன்னும் தள்ளியிருக்கும் ஊர் அது.

அடுத்த வாரமே உத்தரவு வந்தது, காரியாபட்டிக்கு. வாய் திறக்காமல் தோற்கும் ஆளை எந்த அதிகாரியும் இழக்க விரும்புவதில்லை என்பது என் கணிப்பு. மேலிடத்தில் அந்த மாறுதல் முன்பே முடிவாகியிருந்ததா என்பதை இன்றுவரை என்னால் சரிபார்க்க முடியவில்லை.