பதினேழு அங்குலப் பெட்டி

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம், என் மோட்டார் சைக்கிளின் பின்னால் பூட்டுப் போட்ட ஃபைபர் பெட்டி ஒன்றைப் பொருத்தினேன். பதின்மூன்றாம் நாள் அதைக் கழற்றிவிட்டேன். அந்தப் பதின்மூன்று நாளுக்கும் என் டைரியில் குறிப்பு இருக்கிறது. இப்போது எடுத்துப் படித்தாலும் ஓர் எண்கூடத் தப்பில்லை. அதனால்தான் அந்தப் பக்கங்களை அதிகம் திருப்புவதில்லை.

என் மனைவிக்கு அப்போது நாற்பது வயது. இடது மார்பில் கட்டி வந்து, ஏப்ரலில் ஆபரேஷன் முடிந்திருந்தது. காயம் ஆறிய பிறகு கதிர்வீச்சுச் சிகிச்சை. வாரத்துக்கு ஐந்து நாள், மொத்தம் இருபத்தைந்து தடவை. நடுவில் விடக்கூடாது என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். எங்கள் வீடு தொம்மலூரில், ஆஸ்பத்திரி ஊரின் இன்னொரு கோடியில். காலை பத்து இருபதுக்கு அவளுடைய முறை.

முதல் வாரம் ஆட்டோவில் போனோம். அவ்வளவு தூரம் வரமாட்டேன் என்பவர்களே அதிகம். இரண்டு நாள் தாமதமாகிவிட்டது. முறை தவறினால் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். பன்னிரண்டரை வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்:

"போதும்ங்க. அதான் வெட்டி எடுத்தாச்சே. இதோட விட்டுடலாம்."

அவள் எதையும் இரண்டாம் முறை சொல்கிறவள் இல்லை. சொன்னால் செய்துவிடுவாள். அதுதான் என் பயம். இன்னும் இருபது தடவை பாக்கி இருந்தது.

பைக்கில் போனால் நேரம் நம் கையில் இருக்கும் என்றேன். இடது கையில் பிடிமானம் இல்லை, எப்படிப் பிடித்துக்கொண்டு உட்காருவது என்று கேட்டாள். அவள் முதுகுக்குச் சாய்மானம் வேண்டும், அவ்வளவுதானே என்று எனக்குத் தோன்றியது. மறுநாள் சனிக்கிழமை காலையே வண்டிச் சாமான் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோடுக்குப் போனேன்.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று சின்னது, மூலைகள் உருண்டையாக இருந்தன. இன்னொன்று சதுரமாக, பெரியதாக, முன்பக்கம் நடுவில் சிவப்பு ரெக்ஸின் மெத்தையோடு இருந்தது. பின்னால் என் மனைவி உட்காரப் போகிறாள் என்றதும் அவர் சின்னதைத்தான் என் பக்கம் தள்ளினார்.

"இத எடுங்க சாப். லேடீஸுக்கு முனை இல்லாம இருக்கறதுதான் நல்லது."

நான் டேப்பை எடுத்து இரண்டையும் அளந்தேன். ஆஸ்பத்திரிக்குத் தினமும் கொண்டுபோக வேண்டிய எக்ஸ்ரே உறை பதினான்குக்குப் பதினேழு அங்குலம். அதை மடிக்கக்கூடாது, சுருட்டவும் கூடாது. ஒரு வாரமாக அவள் அதை ஆட்டோவில் மடியில் வைத்துக் காற்றில் பறக்காமல் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். பெரிய பெட்டியின் உள் அகலம் சரியாகப் பதினேழரை. வேறு யோசனையே வரவில்லை.

பொருத்துவதற்கு, சீட்டின் பின்னால் இருந்த பிடிகம்பியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேரியர் போட வேண்டியிருந்தது. பெட்டியை மூன்று அங்குலம் பின்னால் தள்ளிவைத்தால் உட்கார இடம் தாராளமாக இருக்கும் என்றார் மெக்கானிக். பாரம் பின் அச்சுக்கு அப்பால் போனால் முன்சக்கரம் லேசாகிவிடும், ரோட்டில் வேகத்தடை ஹம்ப்பில் வண்டி ஆடும் என்று நான் ஒரு தாளில் வரைந்து காட்டினேன்.

"சார் என்ன, இன்ஜினியரா?"

"டிராஃப்ட்ஸ்மேன்."

"அப்ப உங்ககிட்ட நான் பேசக்கூடாது" என்று சிரித்துவிட்டு, நான் குறித்த இடத்திலேயே நான்கு துளை போட்டார்.

சாயங்காலம், பக்கத்துத் தெருவில் இருந்த, என்னோடு தொழிற்சாலையில் வேலை பார்த்த நண்பரைப் பின்னால் உட்காரவைத்து ஏரி வரை ஓட்டிப் பார்த்தேன். மெத்தை அவர் முதுகின் நடுவில் சரியாகப் பதிந்தது. "இது வண்டி இல்லப்பா, சிம்மாசனம். உன் பொண்டாட்டி வரலன்னா சொல்லு, திங்கக்கிழமை நான் வரேன்" என்றார். அன்றைய குறிப்பின் கடைசிச் சொல் 'திருப்தி'.

திங்கள் முதல் பைக்கில் போனோம். ஒரு நாள்கூடத் தாமதம் இல்லை. பத்து மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே போய்விடுவோம். அவள் விட்டுவிடலாம் என்ற பேச்சை எடுக்கவில்லை. ஹம்ப் வரும் இடங்களில் நான் வேகத்தைக் குறைத்தேன். அவள் வலது கை என் தோளில் இருந்தது. சில சமயம் இறுக்கமாகப் பிடித்தாள். பயப்படுகிறாள் என்று நினைத்து இன்னும் மெதுவாக ஓட்டினேன்.

கதிர் படவேண்டிய இடத்தைக் காட்ட அவள் உடம்பில் ஊதா மையால் கோடு போட்டிருந்தார்கள். அதில் தண்ணீரும் சோப்பும் படக்கூடாது. புதன்கிழமை அந்த அறையில் இருந்த நர்ஸ் வெளியே வந்து, பக்கவாட்டில் கோடு அழிந்திருக்கிறது, கவனமாக இருக்கச் சொல்லுங்கள் என்று கன்னடத்தில் என்னிடம் சொன்னார். திரும்பவும் வரைந்தார்கள். வெள்ளிக்கிழமை மறுபடியும் அழிந்திருந்தது.

அன்று வீட்டில் அவளைக் கோபித்துக்கொண்டேன். ஒரு கோட்டைக் காப்பாற்ற முடியவில்லையா, குளிக்கும்போது கவனம் வேண்டாமா என்று கேட்டேன். கோடு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், அதை வரைந்துதான் நான் சம்பளம் வாங்குகிறேன் என்றுகூடச் சொன்னேன். அவள் சரி என்றாள். டைரியில், 'கோடு அழிந்தது. தண்ணீர் பட வேண்டாம் என்று எச்சரித்தேன்' என்று எழுதியிருக்கிறேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை அவளை உள்ளே அழைத்துப்போய் ஐந்து நிமிடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அக்குளுக்குக் கீழே தோல் உரிந்து புண்ணாகியிருந்தது. கதிர் பட்ட தோல் மெலிந்திருக்கும், அதன்மேல் எதுவோ தினமும் உரசியிருக்கிறது, ஆறும்வரை சிகிச்சை கிடையாது என்றார் டாக்டர். எது உரசியது என்று கேட்டார். பீரோ கதவு இடித்துவிட்டது என்று அவள் சொன்னாள்.

எங்கள் பீரோ கதவின் கைப்பிடி அவள் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. அது அங்கே இடிக்காது. அதை யோசித்துக்கொண்டேதான் வண்டி நிறுத்தியிருந்த இடத்துக்கு வந்தேன். பெட்டியின் இடதுபக்க மேல்மூலையில் ஊதா நிறம் லேசாகப் படிந்திருந்தது. பக்கத்தில் அவளுடைய பச்சைப் புடவையின் நூல் ஒன்று ஸ்க்ரூவில் சிக்கியிருந்தது.

என் மனைவி புடவை கட்டுகிறவள். ஒருபக்கமாகத்தான் உட்காருவாள். மெத்தையில் சாய அவள் முதுகு அந்தப் பக்கமே இல்லை. அவளுடைய இடது விலாவை ஒட்டித்தான் பெட்டி இருந்தது. சீட்டை விட அகலமான பெட்டியின் மூலை, ஒவ்வொரு ஹம்ப்பிலும் போய் இடித்த இடம் அது. பதினேழு வருடம் என் வண்டியில் உட்கார்ந்தவள். அத்தனை வருடமும் நான் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். அளவு எடுக்கும்போது என் கண் முன்னால் வந்தது, பேன்ட் போட்டு இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரும் ஓர் ஆள்.

அவளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, பின்னாலேயே காலிப் பெட்டியோடு வந்தேன். வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க அளந்து வச்சதாச்சே" என்றாள். "அது தப்பா இருக்காதுன்னு நெனச்சேன். எனக்குத்தான் உக்காரத் தெரியலியோன்னு தினமும் கொஞ்சம் நகந்து நகந்து பாத்தேன்."

"பீரோன்னு ஏன் சொன்ன?"

"அங்க எல்லாரும் நின்னுட்டிருந்தாங்க. நீங்களும்தான்."

புண் ஆற எட்டு நாள் ஆயிற்று. பிறகு தெருமுனை ஆட்டோக்காரரிடம் மாதத்துக்குப் பேசி, மீதியை முடித்தோம். விடவேண்டும் என்று அவள் சொல்லவில்லை. ஆனால் அந்த எட்டு நாள் இடைவெளி ஏதாவது செய்துவிடுமா என்று நான் டாக்டரிடம் கேட்டேன். அவர் மேஜையில் இருந்த பேனாவை மூடிவிட்டு, பார்க்கலாம் என்றார். வருடா வருடம் பரிசோதனைக்குப் போகிறோம். இதுவரை ஒன்றுமில்லை. ரிப்போர்ட் வரும்வரை எனக்கு அந்தப் பேனா மூடும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்.

பெட்டியைக் கழற்றியது அந்த வியாழக்கிழமை சாயங்காலமே. கழற்றிய பிறகு வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, அவளைக் கூப்பிட்டு, வழக்கமாக உட்காருவதுபோல் உட்காரச் சொன்னேன்.

"எதுக்கு? மறுபடியும் டேப் எடுக்கப் போறீங்களா?"

"இல்ல. பாக்கறேன்."

புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். வலது கை, நான் இல்லாத இடத்தில் என் தோள் உயரத்துக்கு வந்து நின்றது. தெம்பில்லாத இடது கை மெல்லப் பின்னால் போய் எதையோ தேடியது. எதைத் தேடுகிறது என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பழைய பிடிகம்பி. அதைக் கழற்றி, பழைய பேப்பரில் சுற்றி, தேதி எழுதிப் பரண்மேல் வைத்திருந்தேன்.

ஸ்டூலை எடுத்துப் போட்டு ஏறினேன். கீழே அவள் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள்.