இன்னைக்குத்தான் பங்குனிப் பொங்கல்

இது நடந்து மூன்று வருடம் இருக்கும். மாசி பிறந்த புதிது. அருப்புக்கோட்டையிலிருந்து எம்.ரெட்டியபட்டி தாண்டி உள்ளே போகிற ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் நான் டீச்சர். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, சீமைக்கருவேலங்காட்டுக்கு நடுவே நடந்துதான் பள்ளிக்கூடம் போக வேண்டும். முட்டி வலி வந்த பிறகு அந்த நடைதான் எனக்கு அன்றாட வேலையிலேயே பெரிய வேலை.

அங்கே நானும் தலைமை ஆசிரியரும்தான். அவருக்கு வாரத்தில் பாதி நாள் மீட்டிங், பயிற்சி என்று எங்காவது இருக்கும். அப்போதெல்லாம் அஞ்சு வகுப்பும் என் தலையில். வருகை, முட்டை, சாப்பாடு என்று எல்லாவற்றையும் செல்போனில் ஏற்ற வேண்டும். டவர் கிடைக்காமல் போனைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பேன். பாடம் நடத்த நிற்கும்போது பாதி உயிர்தான் மிச்சமிருக்கும்.

அப்படியொரு வாரத்தில்தான் சின்ன வகுப்புகளுக்குக் கடிகாரமும் காலண்டரும் நடத்தினேன். அட்டையை வெட்டி முள் குத்திக் கடிகாரம் செய்தோம். பெரிய முள் எது, சின்ன முள் எது என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிப்போனது. காலண்டர் சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். டவுனில் நான் பலசரக்கு வாங்கும் கடையில் கொடுத்த தினசரி காலண்டரைக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டினேன். தினமும் காலையில் ஒரு பிள்ளை ஒரு தாளைக் கிழிக்க வேண்டும். "ஒரு தாளைக் கிழிச்சா ஒரு நாள் போயிரும், அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொடுத்தேன். அலுப்பில் சொன்ன வார்த்தை. அதற்கு மேல் விளக்க எனக்குத் தெம்பு இல்லை.

இரண்டாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை. அவளுடைய அப்பா ஆந்திராவில் முறுக்குக் கம்பெனியில் வேலை பார்த்தார். அம்மா விடிகாலையிலேயே மிளகாய்ப் பழம் பறிக்கப் போய்விடுவார். அவள் என் சேலையைப் பிடித்து இழுத்து, "டீச்சர், பங்குனிப் பொங்கல் இதுல எங்கன இருக்கு?" என்று கேட்டாள். அந்த ஊரில் வழக்கமாகப் பங்குனி இரண்டாம் செவ்வாயில் அம்மனுக்குப் பொங்கல் வைப்பார்கள். அப்பா அன்றைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாராம். நானும் தாள்களைத் தள்ளி, அந்தச் செவ்வாய்க்கிழமையைக் காட்டி, 'பொங்கல்' என்று பேனாவால் எழுதியும் கொடுத்தேன். அவள் அந்த இடத்தையும் அதற்கு மேலே இருந்த தாள்களின் கனத்தையும் விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

மறுநாள் சாயங்காலம் வகுப்பைக் கூட்டிப் பெருக்கும் முறை அவளுடையது. ஸ்டூலில் ஏறி நின்று காலண்டர் பக்கம் என்னவோ செய்துகொண்டிருந்தாள். தூசி தட்டுகிறாள் என்று நினைத்து, நான் போனிலேயே குனிந்திருந்தேன்.

அடுத்த நாள் வியாழக்கிழமை. அவள் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று ஆப்சென்ட் போட்டுவிட்டேன். தலைமை ஆசிரியர் மீட்டிங் போயிருந்ததால், காலண்டர் நினைவே இடைவேளைக்குப் பிறகுதான் வந்தது. தாளைக் கிழிக்கப் போன மூன்றாம் வகுப்புப் பிள்ளை அங்கேயே நின்றுவிட்டாள்.

"டீச்சர், இதுல செவ்வாக்கிழமைன்னு போட்டிருக்கு."

எரிச்சலோடு எழுந்து போய்ப் பார்த்தேன். காலண்டர் இளைத்துப்போயிருந்தது. மேல் தாளில் என் கையெழுத்தில் 'பொங்கல்' என்று இருந்தது.

முந்தின நாள் அவள் ஸ்டூலில் ஏறி நின்றது அப்போதுதான் உறைத்தது. அவள் எங்கே என்று பிள்ளைகளிடம் கேட்டேன். அவளுடைய பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் சொன்னாள்: "அவ புதுப் பாவாடை போட்டுக்கிட்டு ரோட்டுக்குப் போனா டீச்சர். எங்கப்பா வாராக, கூப்பிடப் போறேன்னு சொன்னா."

தலைமை ஆசிரியருக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. அவளுடைய அம்மாவிடம் போனே கிடையாது. சத்துணவு சமைக்கும் அக்காவிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடினேன். ஓடினேன் என்று எழுதுகிறேனே தவிர, என் முட்டி என்னை ஓடவிடவில்லை. அந்தப் பாதையில் கருவேலத்துக்குள் பாழுங்கிணறுகள் உண்டு. ஒன்றுக்கும் சுற்றுச்சுவர் கிடையாது. ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அப்போது எனக்கு இருந்த பயத்தை இன்றைக்கும் என்னால் சொல்லி முடிக்க முடியாது.

பஸ் நிறுத்தத்தில் யாரும் இல்லை. எதிரே பஞ்சர் கடைக்காரர் சொன்னார்: "காலையில இருந்து ஒரு பிள்ளை நின்னுச்சு. வர்ற பஸ்ஸெல்லாம் எட்டி எட்டிப் பாத்துச்சு. கூட யாரும் இருப்பாகன்னு நெனச்சேன். இப்பத்தான் டவுனு பஸ்ஸுல ஏறிப் போகுது."

வந்த ஷேர் ஆட்டோவில் ஏறி அருப்புக்கோட்டை போனேன். வழியெல்லாம் வேலை போய்விடுமோ என்றுகூட நினைத்தேன். பிள்ளை கிடைக்காத நேரத்தில் மனசு இதையும் நினைத்தது. எழுதவே கூச்சமாக இருக்கிறது.

பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டு போனபோது, பஸ் நேரம் குறிக்கும் சின்ன அறைக்குள் அந்தப் பாவாடை தெரிந்தது. உள்ளே, பெஞ்சில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தாள். கண்டக்டர் தனியாக வந்த பிள்ளையை அங்கிருந்த டைம் கீப்பரிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் தன் வேலைக்கு நடுவே பன்னும் பாலும் வாங்கிக் கொடுத்து, ஊர்ப் பஸ் வந்ததும் அனுப்பக் காத்திருந்திருக்கிறார்.

"நீங்கதான் டீச்சரா?" என்றார் அவர். "இன்னைக்குத்தான் பங்குனிப் பொங்கல்னு சொல்லுதும்மா இந்தப் பிள்ளை. இல்லத்தா, அதுக்கு இன்னும் நாள் கிடக்குன்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன். டிரைவர், கண்டக்டரெல்லாம் சொல்லிப் பாத்தாச்சு. எங்க டீச்சர் சொன்னாகன்னு எங்ககிட்ட சண்டைக்கு வருது."

அவள் என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தாள். "நீங்க சொல்லுங்க டீச்சர்" என்றாள்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். தாளைக் கிழித்தாலும் நாள் போகாது, நாள் தானாகத்தான் போகும், நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொன்னேன். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. மீதிப் பன்னைக் காகிதத்தில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "அப்ப எங்கப்பா இன்னைக்கு வரமாட்டாகளா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். எனக்குத்தான் அழுகை வந்தது. டைம் கீப்பர் பார்க்காதவர் போல மைக்கில் ஏதோ ஒரு பஸ்ஸைக் கூப்பிட்டார்.

ஊருக்குத் திரும்பியபோது அவளுடைய அம்மா விஷயம் தெரிந்து மிளகாய்க் காட்டிலிருந்து ஓடி வந்திருந்தார். மகளை முதுகில் ரெண்டு போட்டு, அப்படியே கட்டிக்கொண்டார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவரோ, "இந்த வெயில்ல முடியாத காலோட அலைஞ்சு கூட்டியாந்தீகளே டீச்சர்" என்றார். காலண்டரில் நடந்ததை அவரிடம் நானேதான் சொன்னேன். கேட்டுவிட்டு, "அவ அப்பன் நெனப்புல கிடக்கா, நீங்க என்ன செய்வீக" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பொங்கலுக்கு அவளுடைய அப்பா வரவில்லை. லீவு கிடைக்கவில்லையாம். சித்திரையில்தான் வந்தார். வந்த அன்றைக்கே அவள் பள்ளிக்கூடத்துக்கு அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து என்னிடம் காட்டினாள்.

இப்போது எங்கள் வகுப்பில் காலண்டர் தாளைக் காலையில் கிழிப்பதில்லை. சாயங்காலம், பெல் அடிப்பதற்கு முன்னால், அன்றைக்கு என்னென்ன நடந்தது என்று பிள்ளைகள் சொல்லி முடித்த பிறகுதான் கிழிக்கிறோம். மற்றபடி எதுவும் மாறவில்லை. அதே பஸ், அதே நடை, அதே செல்போன், முட்டி இன்னும் மோசம். ஆனாலும், பஸ் ஸ்டாண்டில் அத்தனை பெரியவர்களும் 'இன்றைக்குப் பொங்கல் இல்லை' என்று சொன்ன பிறகும், எங்க டீச்சர் சொன்னாக என்று அடித்துப் பேசிய அந்தப் பிள்ளையை நினைத்தால், எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு நகர எனக்கு இன்று வரை பயமாகத்தான் இருக்கிறது.