தம்பியின் கழுத்துக் கயிறு

என் தம்பி முருகேசன் பனித்தரையில் குப்புறக் கிடந்தான். அவன் கழுத்தை இன்னொரு ஆட்டக்காரனின் காலணி அடியிலுள்ள சறுக்குக் கத்தி உரசிப் போனதை, மாட்டுங்கா லேபர் கேம்பில் எங்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து நான் போனில் பார்த்தேன்.

ஐஸ் ஹாக்கி என்றால் எங்கள் சந்தில் பாதிப் பேருக்குக் குச்சி ஐஸ்தான் நினைவுக்கு வரும். செம்பூரில் சக்கரக் காலணி கட்டிப் பழகியவன், இன்று வெளிநாட்டில் ஒரு சின்ன கிளப்புக்குச் சம்பளத்துக்கு ஆடுகிறான். ஆளை ஆள் இடித்துச் சுவரில் சாய்ப்பதும் அந்த ஆட்டத்தில் உண்டாம். பின்னாலிருந்து இடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. இடிக்கிறவனுக்கு அந்த நேரத்தில் சட்டமா ஞாபகம் வரும்?

அவன் கிளம்பும் முன் கேம்ப் மாரியம்மன் கோயிலில் கறுப்புக் கயிறு கட்டி, கழற்றக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். அங்கே போய்ச் சில நாளில் அழைத்தான். கழுத்தில் எதுவும் தொங்கக் கூடாது, கழற்று அல்லது மூடு என்று நடுவர் சொல்லிவிட்டாராம்.

"எக்கா, கழட்டிருதேனே" என்றான்.

"கழட்டுனா இந்த வாசப்படிய மிதிக்காதல" என்றேன்.

வேறு வழியில்லாமல் கயிற்றை மறைக்க ஒரு கழுத்துக் காப்பு வாங்கினான். கத்தி இறங்காத தடித்த துணிப்பட்டை அது. வியர்க்கிறது, கூட ஆடுகிறவர்கள் யாரும் போடுவதில்லை, கேலி செய்கிறார்கள் என்று என்னைத்தான் திட்டினான்.

தை மாதம், ஒரு ஞாயிறு சாயங்காலம். ஒருவன் பின்னாலிருந்து இடித்தான். தம்பி சுவரில் மோதி விழுந்தான். அவன் மேல் தடுக்கிய இன்னொருவனின் கால் கழுத்துப் பக்கம் போனது. எல்லோரும் ஓடிவந்து குனிந்தார்கள். அதோடு படம் நின்றுவிட்டது.

போன் போட்டேன், எடுக்க ஆளில்லை. எப்படிக் கோயிலுக்குப் போனேன் என்று தெரியாது. பேரும் வேண்டாம், ஆட்டமும் வேண்டாம் தாயே, அவன் குரலை மட்டும் கேட்க வை என்று தரையில் விழுந்து அழுதேன். பூசாரி திருநீறு கொடுத்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. அப்போது கையிலிருந்த போன் அடித்தது.

"எக்கா, அழாத. காப்புதான் கிழிஞ்சிட்டு. உள்ள கயிறும் அறுந்துட்டு. கழுத்துல ஒரு கீறல்தான்."

காப்பு இல்லாவிட்டால் பிழைத்திருக்க மாட்டான் என்று டாக்டர் சொன்னாராம். காப்பாற்றியது துணிதானே, அம்மன் எங்கே வந்தாள் என்று என் ஆபீசில் ஒருவர் கேட்டார். அந்தத் துணியை அவன் கழுத்தில் ஏற வைத்தது யார் என்று கேட்டேன். அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

கேலி செய்தவர்கள் எல்லோரும் இப்போது காப்பு போடுகிறார்களாம். பயத்தில் இருப்பவர்களே, அவளிடம் போய் விழுங்கள். அவள் எந்த வழியாக வருவாள் என்று நமக்குத் தெரியாது.

என் பயம் இன்னும் போகவில்லை. ஆனால் ஆட்டத்துக்கு முன் தம்பி அழைக்கிறான். "எக்கா, புதுக் கயிறு இருக்கு, காப்பும் போட்டாச்சு" என்கிறான். அதைக் கேட்ட பிறகுதான் விளக்கேற்றுகிறேன்.