மீந்த கடலை

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இன்று வேர்க்கடலை வேகிற வாசனை வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் கடலைக் களம் நினைவுக்கு வந்துவிட்டது. இப்போது அங்கே மனைக்கல் நட்டிருக்கிறார்கள்.

ஐந்தாவதில் எனக்குக் கூட்டல், பெருக்கல் எல்லாம் வரும். வகுத்தல் மட்டும் வராது. அது வராவிட்டால் ஆறாவது கிடையாது, களை எடுக்கத்தான் போக வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார்.

மணியடித்ததும் களத்துக்கு ஓடுவோம். அம்மாக்கள் ஈர மண் ஒட்டிய செடியை மடியில் போட்டுக்கொண்டு, வாயும் கையும் ஓயாமல் காய் ஆய்ந்துகொண்டிருக்க, அஞ்சலைப் பெரியம்மா இரண்டு கை கடலையை எங்கள் ஐந்து பேர் நடுவில் கொட்டுவார்.

"பங்கு போட்டுக்கினு துன்னுங்கடி. மீந்தது பங்கு போட்டவளுக்கு."

அன்று என் முறை. ஆளுக்கு ஏழு வைத்தேன். மீந்த எட்டைப் பாவாடையில் அள்ளினேன். என் வகுப்புக் குப்பு கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாடி இது? அஞ்சு பேர் கீறோம், எட்டு மிஞ்சுதா? இன்னொரு சுத்து வருதுடி!"

களமே சிரித்தது. இன்னொரு சுற்று வைத்தேன். மூன்றுதான் மீந்தது.

மறுநாள் பலகையில் வகுத்தல் கணக்கு. மீதி, வகுக்கும் எண்ணைவிடப் பெரிதாக வந்தது. குப்பு கையைப் பிடித்த மாதிரியே இருந்தது. அழித்துவிட்டு இன்னொரு சுற்று போட்டேன். சரியாக வந்தது. ஆறாவது போனேன்.

இன்று ஒரு பொட்டலம் வாங்கிப் பேரப்பிள்ளைகள் நாலு பேருக்கும் பங்கு போட்டேன். மூன்று மீந்தது. நாலு பேருக்கு அதற்கு மேல் மிஞ்சாது. மூன்றையும் நானே தின்றேன்.