கத்தரிப்பூ நிறத்தில் ஒரு மறுவீட்டுப் புடவை

என் அம்மாவை அப்பா கூப்பிடும் பெயர் கத்தரிக்கா. நான் பிறப்பதற்கு முன்பே வைத்த பெயர். புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் ஏதோ செல்லப் பெயர் என்று நினைத்துச் சிரிப்பார்கள். அப்படி யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாதென்று அப்பா உடனே கதையைச் சொல்லிவிடுவார்.

எங்கள் குடும்பங்களில் மறுவீட்டுக்குக் கட்டிக்கொண்டு போகும் புடவையைப் பெண்ணைப் பெற்றவர் எடுக்க வேண்டும். நிச்சயத்தன்று அப்பா ஒரு சினிமாவின் பெயரைச் சொல்லி, அதில் வாழைத்தோப்புப் பாட்டில் கதாநாயகி கட்டிவரும் புடவையின் நிறத்தில் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். தன் ஊரான வல்லத்திராக்கோட்டையில் டென்ட் கொட்டகையில், ஓடித் தேய்ந்த பிரிண்டில் அவர் பார்த்த படம் அது. என்ன நிறம் என்று பெண் வீட்டார் கேட்டதற்கு, படம் பார்த்தவர்களுக்குத் தெரியும் என்றாராம். மாப்பிள்ளை முறுக்கு.

ஆவுடையார்கோவில் பக்கம் வயலைப் பார்த்துக்கொண்டிருந்த என் தாத்தா சினிமாவுக்கே போகாதவர். அவர் ஜவுளிக்கடையில் கெஞ்சிக் கூத்தாடி, ஒவ்வொரு நிறத்திலும் ஒரு துண்டுத் துணி வாங்கிக்கொண்டார். அதே படம் புதுப் பிரிண்டில் மறுபடி ஓடிய புதுக்கோட்டை தியேட்டருக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். பாட்டு வந்ததும் எழுந்து நின்று, துண்டுகளை ஒவ்வொன்றாகத் திரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பின்னால் இருந்தவர்கள் கடலைத்தொலியை விட்டெறிந்தார்கள். அவர் உட்காரவில்லை. கத்தரிப்பூ நிறத் துண்டு ஒத்துப்போனது. அந்த நிறத்தில் பட்டு எடுத்தார்.

மறுவீட்டன்று கூடத்தில் சொந்தக்காரர்கள் நிறைந்திருக்க, அப்பா அந்தப் புடவையைப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம்.

“படத்துல அவ கட்டியிருந்தது ரோசு. ஒங்கப்பன் இத எந்தக் காய்கறிச் சந்தையில எடுத்தான்?”

அம்மா நல்ல கறுப்பு. அதையும் சேர்த்துப் பேச அப்பாவுக்கு வசதியாகப் போயிற்று. தோலும் கத்தரிக்கா, சேலையும் கத்தரிக்கா என்பார். வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தால் அன்றைக்குச் சாப்பாடு முடியும்வரை இதே பேச்சுதான். அம்மா அந்தப் புடவையை மறுபடி கட்டவில்லை. அது எனக்குத் தொட்டிலாகி, பிறகு கரித்துணியாகிப் போனது. ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவே மாட்டாள். எங்கய்யா கண்ணால பாத்துத்தான் எடுத்தாரு என்பாள். அந்த வீட்டில் அவள் எதிர்த்துப் பேசி நான் கேட்ட பேச்சு அது ஒன்றுதான்.

அதற்கும் ஒரு நாள் முடிவு வந்தது. நான் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த காலம். அப்பா பஸ் ஸ்டாண்டு கடையிலிருந்து அந்தப் படத்தின் டிவிடியை வாங்கிவந்து, தெருவில் போன நாலு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டார். படம் முழுக்க ஒரே சிவப்பு. வாழை இலைகூடக் காய்ந்த சருகு போல இருந்தது. புடவை ரோஸ்தான், சந்தேகமே இல்லை. அப்பா அம்மாவை டிவிக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, நல்லாப் பாரு என்றார். அம்மா பார்த்தாள். அத்தனை வருடம் ஒரு கிழவனுக்காக வாதாடிய வாய் அன்றோடு அடைத்துக்கொண்டது.

அடுத்த வாரம் ஆவுடையார்கோவிலுக்குப் போனோம். தாத்தா படுக்கையில் இருந்தார். அம்மா நலம்கூட விசாரிக்கவில்லை.

“கண்ணு தெரியலன்னா பக்கத்துல இருந்தவங்கள கேட்டிருக்கக் கூடாதா? ஒங்களால ஆயுசுக்கும் பேச்சு வாங்குறேன்.”

தாத்தா “நான் பாத்தது கத்தரிப்பூதான் ஆத்தா” என்றார். அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டுக்குப் போனது சாவுக்குத்தான்.

என் கணவர் பழைய படப் பைத்தியம். புதுக்கோட்டையில் எங்கள் வீட்டில் துணி வைக்க இடம் கிடையாது, டிஸ்க் வைக்க அலமாரி உண்டு. போன வருடம் அதே படத்தை நெகட்டிவிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்து ப்ளூ-ரேயாக வெளியிட்டார்கள். அவர் வாங்கிப் போட்டார். வாழை இலை பச்சை. வானம் நீலம். தோப்புக்குள்ளிருந்து கதாநாயகி கத்தரிப்பூ நிறப் புடவையில் நடந்து வந்தாள்.

பழைய பிரிண்டுகளில் நாள்பட நீலம் வெளிறிச் சிவப்பு மட்டும் நின்றுவிடும், அந்த டிவிடியை அப்படியொரு பிரிண்டிலிருந்துதான் எடுத்திருப்பார்கள் என்று கணவர் விளக்கினார். புதிதாகச் செய்கிறவர்களும் தங்கள் இஷ்டத்துக்கு நிறத்தைக் கூட்டுவதுண்டு, ஆனால் இலையும் தோலும் சரியாக இருந்தால் புடவையும் சரியாகத்தான் இருக்கும் என்றார். எனக்கு அந்த விளக்கத்தில் பாதி காதில் ஏறவில்லை. அப்பாவின் முகம் எப்படிப் போகும் என்பதிலேயே மனசு இருந்தது. அம்மா அழுவாள், அழுதுவிட்டு நிம்மதியாவாள் என்றும் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை டிஸ்க்கையும் பிளேயரையும் தூக்கிக்கொண்டு வல்லத்திராக்கோட்டைக்குப் போனோம். பாட்டு வந்தது. அம்மா காப்பித் தம்ளரோடு வாசற்படியில் நின்றாள். தாத்தா பார்த்ததுதான் சரி, நல்லாப் பாரும்மா என்றேன். அவள் முகத்தில் ரத்தம் இல்லை.

அப்பா ரிமோட்டை எடுத்தார். படத்தை நிறுத்திவைத்துவிட்டு டிவியின் செட்டிங்ஸுக்குள் போய்ச் சிவப்பை ஏற்றினார், நீலத்தை இறக்கினார். கதாநாயகி மூஞ்சியில் மிளகாய் அரைத்துப் பூசினது போல ஆனது. இலைகள் கருகின. புடவை மெல்ல மெல்ல ரோஸுக்கு வந்தது.

“இப்பத்தான் ஒழுங்கா இருக்கு. நீங்க கொண்டாந்த தட்டுல கோளாறு.”

வாழை இலை எந்த ஊரில் இந்த நிறத்தில் இருக்கிறது என்று கேட்டேன். கோடைக்காலத்தில் எடுத்த படம் என்றார். ரிமோட்டைப் பிடுங்கினேன். பட்டனை அழுத்துவதற்குள் அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“விடுடி. அது ரோசாவே இருக்கட்டும்.”

“தாத்தா சரியாத்தாம்மா பாத்திருக்காரு.”

“அதனாலதான்டி சொல்றேன். படுக்கையில கெடந்தவர என்ன பேச்சுப் பேசிட்டு வந்தேன். ரோசாவே இருக்கட்டும்.”

என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கி அப்பாவிடம் கொடுத்தாள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கத்தரிக்காயே சொல்லிருச்சு, இனி என்ன என்றார்.

அந்த டிவியில் செய்தி வாசிக்கிறவர்கள் இன்றைக்கும் சிவந்த முகத்தோடுதான் வாசிக்கிறார்கள். அப்பா வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து நான் மாற்றப் போனால், அம்மா விடுவதில்லை.